சுகாதாரப் பிரசாரப் பயிற்சி: கிள்ளான் முதல் குவீன்ஸ்டவுன் வரை

நோய் வந்தபின் மருந்து கொடுப்பது ஒரு தொழில். நோய் வாராதபடி ஊரைத் திருத்துவது வேறொரு தொழில். முன்னதற்கு வைத்தியம் என்று பெயர். அதன் பெருமையை நம்மவர் நன்கறிவர். பின்னதற்குச் சுகாதாரம் என்று பெயர். தெருக் கூட்டுவதும் சாக்கடை கழுவுவதுமே சுகாதாரம் என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கென ஒரு கல்வியும் பயிற்சியும் உண்டென்பதை நினைப்பாரில்லை. ஓர் ஊரில் எந்நோய் எத்தனை பேரைப் பற்றியிருக்கிறதென்று எண்ணுதல், அதன் காரணத்தைக் கண்டறிதல், அதனை நீக்கத் திட்டம் வகுத்தல், அத்திட்டத்தை ஜனங்கள் மனமொப்பி ஏற்கும்படி எடுத்துரைத்தல், பணமும் அதிகாரமும் உடையாரிடம் வாதாடி அதனை நிறைவேற்றுதல், நிறைவேறியபின் பயன் விளைந்ததா என்று மறுபடியும் எண்ணிப் பார்த்தல் ஆகிய இத்தனையும் சேர்ந்ததே அத்தொழிலாகும்.

இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் இதற்கெனவே தனிக் கல்லூரி ஒன்று நடைபெறுகிறது. 2011-ம் வருஷம் அது பேராசிரியர் சா சுவீ ஹொக் அவர்கள் பெயரால் அமைந்தது. பல்கலைக்கழகம் நிற்கும் கெண்ட் ரிட்ஜ் குன்று, நகர அமைப்புக் கணக்கில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்தைச் சேர்ந்தது. அங்கே பொதுச் சுகாதாரத்தைப் படித்துப் பட்டம் பெறலாம். ஆனால் அப்படிப்பின் முதற் பாடங்கள் கல்லூரி மண்டபத்திலே பிறந்தவை அல்ல. ரப்பர்த் தோட்டத்து லயங்களிலும், சதுப்பு நிலத்துத் துறைமுகத்திலும், பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் சோற்றுத் தட்டிலும் பிறந்தவை அவை. அப்பாடங்களுக்கு விலையாகப் போன உயிர்களுட் பற்பல நம் தமிழ்த் தொழிலாளருடையவை. ஆதலின் இவ்வரலாற்றைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தமிழர் அறிந்திருத்தல் அவசியம்.

கிள்ளான் தந்த பாடம்

மலேரியாக் காய்ச்சலைக் கெட்ட காற்று கொண்டு வருகிறதென்று மேனாட்டாரும், காட்டுப் பேயும் முனியும் கொண்டு வருகின்றனவென்று நம்மவரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1897-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 20-ந் தேதி, சிகந்தராபாத்தில் இந்திய ராணுவ வைத்தியராயிருந்த ரொனால்டு ராஸ் என்பார், ஒருவகைக் கொசுவின் வயிற்றறையில் அந்நோயின் கிருமியைக் கண்டார். இரு கொள்கைகளும் ஒருங்கே வீழ்ந்தன. எனினும், கண்டுபிடிப்பு ஒன்று. அதனை ஓர் ஊரில் நடத்திக் காட்டுதல் மற்றொன்று.

அதனை நடத்திக் காட்டியவருள் முதல்வரிசையில் நிற்பவர் டாக்டர் மால்கம் வாட்ஸன். 1901-ல் அவர் கிள்ளான் ஜில்லா வைத்தியராக வந்து சேர்ந்தார். அவ்வருஷமே சுவெட்டென்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பெற்றது. திறந்த சில மாதங்களில் காய்ச்சல் கூலிகளையும் உத்தியோகஸ்தர்களையும் ஒருங்கே வீழ்த்தியது; துறைமுகத்தை மூடிவிடலாமா என்றுகூட யோசனை பிறந்தது. வாட்ஸன் முதலில் எண்ணினார். எந்தத் தெருவில், எந்த வீட்டில், எத்தனை பேர் என்று குறித்தார். பிறகு காட்டை வெட்டவும் சதுப்பு நீரை வாய்க்கால் வழியே வடிக்கவும் சர்க்காரைத் தூண்டினார். மறுபடியும் எண்ணினார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-ல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902-ல் இறந்தோர் 59 பேர். ஆயிரம் பிரசங்கத்தைவிட இவ்விரண்டு எண்களின் பேச்சு வலியது.

நிற்க. இவ்வெற்றியைக் கண்டு, காட்டை வெட்டினால் காய்ச்சல் போம் என்று எல்லாத் தோட்டத்தாரும் ஒரே விதி செய்துகொண்டிருந்தால் பெருங்கேடு விளைந்திருக்கும்; சில இடங்களில் விளைந்துமிருக்கிறது. கடலோரச் சமநிலத்தில் நோய் பரப்பும் கொசு, நிழலடர்ந்த காட்டுக் குட்டைகளில் முட்டையிடுவது. காடு போனால் அதுவும் போகும். மலைப்பாங்கான தோட்டங்களிலோ வேறொரு ஜாதிக் கொசு வாழ்கிறது. அது வெயில் படும் தெளிந்த நீரோடையையே விரும்புவது. அங்கே காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால் அதற்குக் கல்யாணச் சத்திரம் கட்டிக் கொடுத்ததாகும். ஆகவே மலைநிலத்துக்கு நிலத்தடிக் குழாய்களும் நீர்மேல் எண்ணெய் தெளித்தலும் வேண்டியிருந்தன. ஒரே செய்கை ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் ஆயிற்று. இடம் அறியாது திட்டம் வகுப்பவன் நோயைவிடக் கொடியவன் என்பதே இத்தொழிலின் முதற் சூத்திரம்.

வாட்ஸன் செய்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக் கணக்கெடுத்தார். பிள்ளைகளின் வயிறே ஒரு தோட்டத்தின் மலேரியாப் பேரேடு. அந்தப் பேரேட்டைத் துரைமார் முன் விரித்து, நோயுற்ற கூலியால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம், வாய்க்கால் வெட்ட எவ்வளவு செலவு என்று வாதாடினார். துரைமார் இரங்கியது பெரும்பாலும் உயிருக்கன்று, லாபத்துக்கே. அதனைக் கண்டு நமக்கு மனம் கசக்கலாம். ஆயினும் பணம் உடையவனிடம் பேசும்போது அவனுக்கு விளங்கும் பாஷையில் பேச வேண்டும் என்பது வாட்ஸன் கண்ட உண்மை; இன்றைய கல்லூரிகளிலும் அதுவே போதிக்கப்படுகிறது. 1911-ல் சிங்கப்பூரில் காய்ச்சல் மிகுந்தபோது, இன்றைய குவீன்ஸ்டவுனுக்கு அண்டைப் பகுதியாகிய தெலுக் பிளாங்காவில் இம்முறையையே கையாளத் தொடங்கினர்.

புழுங்கலரிசிச் சாட்சி

சீர்திருத்தம் பேசுவோர் பழமை எல்லாவற்றையும் மூடத்தனம் என்று ஒதுக்குவதும் ஒரு மூடத்தனமே என்பதற்கு இந்நாட்டு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் கால்வீக்க நோய் மலாயாவில் சீனச் சுரங்கத் தொழிலாளரைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. தமிழ்த் தொழிலாளரை அது அவ்வளவாக அண்டவில்லை. சீனர் தீட்டிய வெள்ளரிசி உண்டனர்; தமிழர் புழுங்கலரிசி உண்டனர். கோலாலம்பூர்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் டாக்டர் பிளெட்சர் 1905-ல் இதனைச் சோதித்தார். வெள்ளரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் நோய் இருந்தவர் இருவரே; அவ்விருவரும் நோயோடே வந்து சேர்ந்தவர். நெல்லை அவித்து உலர்த்தும்போது தவிட்டுச் சத்து அரிசிக்குள் ஊறி நின்றுவிடுகிறது. அச்சத்தை நம் பாட்டிமார் பெயர் அறியாமலே காத்து வந்தனர்.

ஆகவே பகுத்தறிவாவது பழையதைத் தள்ளுவதுமன்று, புதியதைத் தழுவுவதுமன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது. புழுங்கலரிசி அந்தத் தராசில் நின்றது. அம்மை கண்ட வீட்டில் ஊசி வேண்டாம், வேப்பிலை போதும் என்ற நம்பிக்கை நிற்கவில்லை. பெரியம்மையை உலகினின்றும் ஒழித்ததாக 1980-ல் உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது அம்மை குத்தியதன் பயனேயாகும்.

சோம்பலும் புழுவும்

தோட்டத் தொழிலாளி சோம்பேறி என்ற சொல்லை எத்தனையோ துரைமார் எழுதி வைத்தனர். நம்மவருட் படித்த சிலரும் அதனைத் திருப்பிச் சொன்னார்கள். அச்சோம்பலின் ஒரு பெருங்காரணம் கொக்கிப்புழு. கக்கூஸ் இல்லாத லயத்தில் மலம் மண்ணிற் கலக்கிறது. அம்மண்ணிலிருந்து புழுவின் குஞ்சு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலைச் சேர்ந்து, அங்கே கொக்கி மாட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இரத்தம் வெளுத்தவன் எப்படி ஓடியாடி உழைப்பான்? புழு தின்ற உடம்பைக் குணக்கேடு என்று பெயரிட்டுத் தண்டித்தது எவ்வளவு பெரிய அநீதி!

அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் இந்நோயை உலகெங்கும் துரத்தக் கிளம்பியது. இலங்கையில் 1916-ல் மாத்தளைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளரிடையே வேலை தொடங்கிற்று. ஏறக்குறைய அதே சமயத்தில் டாக்டர் டார்லிங் தலைமையில் ஒரு குழு மலாயாவுக்கும் வந்து ஆராய்ந்தது. அவர்கள் கையாண்ட பிரசார முறை அக்காலத்துக்குப் புதியது. சொற்பொழிவு, படவிளக்கு, பூதக்கண்ணாடியிற் புழுவைக் காட்டல், மருந்து, மறுபரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கண்ணாற் கண்டவன் நம்புவான் என்பதே அதன் அடிப்படை.

ஆயின் இங்கே ஓர் இடர் தோன்றியது. மருந்து கொடுத்தால் புழு விழுகிறது. கக்கூஸ் கட்டாவிட்டால் சில மாதங்களில் மீண்டும் ஏறுகிறது. மருந்து ஸ்தாபனத்தின் செலவு. கக்கூஸ் தோட்டத்தின் செலவு. முன்னது எளிதாகக் கிடைத்தது. பின்னதற்குப் பல துரைமார் கை சுருங்கியது. தொழிலாளிக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு, லயத்துக்குக் கக்கூஸும் நல்ல தண்ணீரும் கொடாதிருப்பது, காலைக் கட்டிவிட்டு ஓடச் சொல்வதாகும்.

இவ்வநுபவத்திலிருந்தே 1926-ல் இலங்கையின் களுத்துறையில் சுகாதார யூனிட் என்னும் ஏற்பாடு பிறந்தது. எல்லை குறித்த ஒரு நிலப்பகுதி. அதற்கு ஒரு சுகாதார வைத்திய அதிகாரி. அவருக்குக் கீழே சுகாதாரப் பரிசோதகர்கள், வீடு வீடாகச் செல்லும் நர்ஸுகள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள். எல்லோரும் ஒரே திட்டத்தின் அங்கங்கள். வேலை நடக்கும் இடமே பயிற்சிக் கூடமாகவும் ஆயிற்று. இன்றும் களுத்துறையில் அத்தகைய பயிற்சி நிலையம் உண்டு. ஆனால் அந்த விளக்கின் ஒளி மலைநாட்டுத் தோட்டத்துக்கு எட்டத் தாமதமாயிற்று. தோட்டத்து வைத்தியம் துரைமாரின் பொறுப்பு என்று ஒதுக்கப்பட்டு, 1972-லும் 1975-லும் தோட்டங்கள் தேசவுடைமை ஆனபின்னரே மெல்ல மெல்லச் சர்க்கார் ஏற்பாட்டிற் சேரத் தொடங்கியது. 1948-ம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் அத்தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வோட்டு இல்லாதவனுக்காக வாதாட யார் வருவார்?

சிங்கப்பூர்க் கல்விச் சாலை

1904-ல் தான் ஜியாக் கிம் என்னும் சீனப் பிரமுகரும் மற்றோரும் வைத்தியக் கல்வி வேண்டுமென்று சர்க்காருக்கு மனுச் செய்தனர். 87,000 டாலருக்கு மேல் பொருளும் திரட்டித் தந்தனர். 1905-ல் அப்பள்ளி பழைய பெண்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கட்டிடத்தில் 23 மாணவருடன் தொடங்கிற்று. அவர்களுட் சிலர் ஆஸ்பத்திரி உதவியாளராகப் பயிலவே சேர்ந்தவர். தோட்டத்து மக்களுக்கு வைத்தியம் என்றால் பல காலம் டிரஸ்ஸர் என்னும் அத்தகைய உதவியாளரே ஆவர்.

1925-ல் சர்வதேச சங்கம் தன் கிழக்குச் சுகாதார நிலையத்தைச் சிங்கப்பூரில் அமைத்து, எந்தத் துறைமுகத்தில் எந்தக் கொள்ளைநோய் என்ற செய்தியை வாரந்தோறும் கம்பியில்லாத் தந்தியில் பரப்பியது. 1934-ல் அச்சங்கமே கிழக்கு நாட்டு வைத்தியர்களுக்கு மலேரியாத் தடுப்புப் பயிற்சி வகுப்பு ஒன்றையும் இங்கே நடத்திற்று. புத்தகப் படிப்புக்குப்பின் மாணவர் வெளியூர்களுக்குச் சென்று வேலையை நேரிற் கண்டனர். கிள்ளானில் உயிர் கொடுத்துக் கற்ற பாடம் இவ்வாறு பாடத்திட்டமாயிற்று.

ஆனால் வைத்தியர் கற்றது கிராமத்துத் தாயின் காதுக்கு எட்டியது எப்படி? ஐடா ஸிம்மன்ஸ் என்னும் நர்ஸு அம்மையார் 1920-களின் பிற்பகுதியில் வந்து, 1948 வரை சிங்கப்பூர்க் கிராமப்புறங்களில் தாய்சேய் நலப்பணியை வளர்த்தார். உள்ளூர்ப் பெண்களைத் தாதிகளாகப் பழக்கினார். அவர் அழைத்தது தாய்மாரை ஆஸ்பத்திரிக்கு அன்று. தாதிகளைத் தாய்மாரின் வாசலுக்கு. சிங்கப்பூரில் 1950-ல் பிறந்த 1,000 குழந்தைகளில் 82 வரை ஒரு வயது நிரம்புமுன் இறந்தன. 1965-ல் அது 26 ஆகக் குறைந்தது. மருந்து, தண்ணீர், வீடு யாவும் இதில் பங்கு கொண்டன. வாசலுக்கு வந்த தாதியின் பங்கு சிறிதன்று.

நம் இனத்தார் பெயரும் இவ்வரலாற்றில் உண்டு. 1958-ல் இளம்பிள்ளை வாதம் பரவியபோது ஏறக்குறைய 2,00,000 குழந்தைகளுக்கு ஸேபின் கண்ட மருந்து வாய்வழி கொடுக்கப்பட்டது. அதனைப் பற்றி மறுவருஷம் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதிய ஐவருள் துரைசிங்கம், கனகரத்தினம் என்னும் இருவர் இருந்தனர். டாக்டர் கனகரத்தினம் பின்னர் 1966-ல் அமைந்த குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் தலைவரானார். அங்கிருந்து உலக வங்கியின் ஜனத்தொகைத் துறைக்குச் சென்றார். அந்த 1966-ல் தேக்காவுக்கு அருகேயுள்ள கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் மட்டும் 39,835 பிரசவங்கள். பிரசவித்த படுக்கையருகே சென்று தாயிடம் பேசுவதே வாரியத்தின் சிறந்த உபாயமாயிற்று.

அவ்வாரியத்தின் பிற்கதையும் பாடமே. 1970-களில் எடுத்துரைத்தலோடு நில்லாது, கூடுதலாகப் பிள்ளை பெற்றாருக்குப் பிரசவக் கட்டணம், பள்ளிச் சலுகை முதலியவற்றில் இடர் விளைக்கும் விதிகளும் வந்தன. 1975-க்குள் ஒரு தாய்க்குச் சராசரி இரு பிள்ளைகள் என்ற அளவு வந்துவிட்டது. வண்டி நில்லாது ஓடியது. 1986-ல் வாரியம் மூடப்பெற்றது. 1987-ல் வசதியுள்ளோர் மூன்றோ மேலோ பெறுக என்று சர்க்காரே மாற்றிப் பேசிற்று. எங்கே நிறுத்துவது என்பதையும் திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

மறுபடியும் கிள்ளான்

இதுவரை சொன்ன எல்லாம் மேலிருந்து கீழே வந்தவை. கீழிருந்து எழுந்த ஒன்றையும் சொல்லாவிடின் வரலாறு ஊனமாகும். வாட்ஸன் வேலை தொடங்கிய அதே கிள்ளானில், நாற்பது ஆண்டுகளுக்குப்பின், 1941-ல் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வு மட்டுமா கேட்டனர்? சரியான வைத்திய வசதி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடை மூடல், பெண்களின் மானத்துக்குப் பாதுகாப்பு, துரை எதிர்ப்பட்டாலும் சைக்கிளைவிட்டு இறங்காமற் செல்லும் உரிமை ஆகியவற்றையும் கேட்டனர். ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அக்கோரிக்கைகளைச் சுகாதாரத் திட்டமாகப் படித்துப் பாருங்கள். வைத்தியம், கல்வி, மதுவிலக்கு, பெண் பாதுகாப்பு, மானம். 1986-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் உலகச் சுகாதார ஸ்தாபனம் கூட்டிய மகாநாடு, சுகாதார வளர்ச்சிக்கு மூன்று தொழில்கள் வேண்டும் என்றது: பரிந்து வாதாடுதல், ஜனங்களுக்கு வல்லமை அளித்தல், மாறுபட்ட கட்சிகளை இணக்குதல். எந்தக் கல்லூரியிலும் பயிலாத பால்மரத் தொழிலாளர் அவற்றுள் முதலதை நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே செய்து, அதற்காக உயிரும் கொடுத்தனர்.

குவீன்ஸ்டவுனும் நம் கடமையும்

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம். எலிஸபெத் ராணியாரின் முடிசூட்டை ஒட்டி 1953-ல் அப்பெயர் பெற்றது. சேறும் தோட்டமும் கம்பமுமாயிருந்த பள்ளத்தாக்கில் அடுக்கு வீடுகள் எழுந்தன. ரெயில்வேத் தமிழர் வழிபட்ட முனீஸ்வரர் கோயில் இன்றும் அவ்வட்டாரத்திலேயே இருக்கிறது. 1963-ல் அங்கே திறந்த வைத்திய நிலையத்தில், தாய்சேய் நலமும் பொதுவான நோய்ச் சிகிச்சையும் ஒரே கூரையின்கீழ் கிடைத்தன. இன்று முதியோர் மிகுந்த பேட்டை அது. 2021-ல் தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் குழுவும், வீடமைப்பு வாரியமும், பல்கலைக்கழகமும் சேர்ந்து குவீன்ஸ்டவுனைச் சுகாதார வட்டாரமாக்கும் முயற்சியைத் தொடங்கின. முதியோர் நடக்கும் பாதை, குடியிருக்கும் கட்டிடம், அண்டை அயலாரின் தோழமை ஆகியவற்றையே மருந்தாக்கும் திட்டம் அது. எல்லை குறித்த நிலப்பகுதி, பல தொழிலார் கூட்டு என்னும் களுத்துறைக் கொள்கையின் பேரப்பிள்ளை என்றே அதனைக் கூறலாம்.

இத்தனை கற்ற நகரிலும் 2020-ல் என்ன நடந்தது? கொரோனா நோய், தமிழரும் வங்காளிகளும் நெருங்கிப் படுத்திருந்த தொழிலாளர் விடுதிகளிற் புகுந்தது. அவ்வருஷம் முடிவதற்குள் விடுதிவாசிகளில் ஏறக்குறையப் பாதிப்பேரைத் தொற்றிவிட்டதென்று சர்க்காரே கணக்கு வெளியிட்டது. வைத்தியம் குறைவின்றிக் கிடைத்தது. இறப்பு மிகச் சிலவே. அதனை மறைத்தல் தகாது. ஆனால் பலர் ஓர் அறையில் நெருங்கி வாழும் இடத்தில் தொற்று பரவும் என்பது லயங்கள் நூறாண்டுக்குமுன் கற்பித்த பாடமன்றோ? நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே தமிழும் வங்காளமும் சொல்ல ஆள் தேடி, தொண்டர்கள் அவசரத்தில் மொழிபெயர்க்க நேர்ந்தது. தீப்பிடித்தபின் கிணறு வெட்டுவதைப் போன்றதே இது.

ஆகவே அன்பர்களுக்கு நாம் சொல்வது இதுவே. சுகாதாரப் பிரசாரம் சுவரில் ஒட்டும் காகிதமன்று. கற்றுத் தேர வேண்டிய தொழில். நம் பிள்ளைகளுள் வைத்தியராக விரும்புவோர் பலர். வக்கீலாக விரும்புவோரும் பலர். இவ்விரண்டும் கூடிய இத்தொழிலை நாடுவோர் சிலரே. அவர்களையும் அதற்கு அனுப்புங்கள். அனுப்ப இயலாதார் தாமிருக்கும் இடத்திலேயே தொடங்கலாம். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் எம்போன்ற கிராணிமார், வேலைக்கு வாராதவன் பெயருக்கு நேரே ஒரு கோடிட்டு நில்லாது, ஏன் வரவில்லை, அந்த லயத்தில் இன்னும் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். ஆசிரியர் பள்ளிப் பிள்ளைகளின் எடையைக் குறிக்கட்டும். சங்கத்தார் அக்கணக்கைக் கையிற் கொண்டு மானேஜரிடமும் மந்திரியிடமும் செல்லட்டும். கணக்கில்லாத முறையீட்டை அழுகை என்று ஒதுக்கிவிடுவார்கள். கணக்கோடு வரும் முறையீட்டுக்கு விடை சொல்லியே ஆக வேண்டும்.

நம்மை எண்ணியவர்கள் இதுவரை பிறர். எண்ணியது பெரும்பாலும் கூலிக்காக. இனி நம்மை நாமே எண்ணுவோம், உயிருக்காக.